எலுமிச்சை சார் உடைத்த பூசணிக்காய்

எலுமிச்சம்பழத்தை வைத்து ஊறுகாய் போடலாம், சர்பத் போடலாம், புது லாரி டயருக்கு அடியில் வைத்து நசுக்கலாம். அதே பழத்தை வைத்து ஒரு ஃபேக்டரி முழுக்க இருக்கிறவர்களின் கை கால்களைக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடித்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் எலுமிச்சை சார். யார் யாருக்கோ விருது கொடுக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். இவருக்கு ஒருத்தரும் ஒரு துண்டு கூடப் போர்த்தவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலேஜ் முடித்த கையோடு பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். சீசனில் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். கழுவி, அறுத்து, கொட்டை எடுத்து, கூழாக்கிக் காய்ச்சி, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே சேப்டி ஆபீசர் நம்மவர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, எந்நேரமும் தலையில் ஹெல்மெட். ஃபேக்டரிக்குள் மஞ்சள், மொபெட்டில் ஏறினால் கறுப்பு. மஞ்சளைக் கழற்றிக் கறுப்பை மாட்டுகிற இடைவெளியில் அவர் தலையைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை யாரும் நம்புவதில்லை. டீக்கடையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து வடை தின்பார்.

"கழட்டி வெச்சிட்டுத் தின்னுங்க சார், வேர்த்து ஊத்துதே" என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "இந்த ஓடு எப்ப போட்டதுன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

தெரியாது. நானும் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்று குடித்தேன். அவரோடு பழகினால் அப்படித்தான். நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது.

எலுமிச்சை சார் ஆவதற்கு முன்னால் அவரும் ஊர் உலகத்தில் உள்ள மற்ற சேப்டி ஆபீசர்கள் மாதிரிதான் இருந்தார். ஆபத்தான இடத்தில் மஞ்சள் நாடா கட்டுவார். மறுநாள் அந்த நாடா யாராவது ஒரு அக்காவின் டிபன் பையைக் கட்டியிருக்கும். ஆரஞ்சு நிறக் கூம்பு வாங்கி வைத்தார். வாட்ச்மேன் அதைக் கவிழ்த்துப் பிடித்து டிராக்டருக்கு டீசல் ஊற்றினார். ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம் சுவரெல்லாம் ஒட்டினார். பழம் அறுக்கும் மேசையின் தலைவி காளியம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இவருதான் நம்ம கூழ வாங்கறவராட்டம் இருக்குது. நல்லா இருக்குதுன்னு கையக் காட்டறாரு" என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டது.

கடைசியாக வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். "பாய்லர் பக்கம் தரை வழுக்குகிறது, அனைவரும் கவனம்" என்று போடுவார். பதிலுக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் நாற்பது வரும். ஒரு ஆள் மட்டும் கைகூப்பிப் படம் போட்டான். அவன்தான் அன்றைக்குச் சாயங்காலம் அங்கே வழுக்கி விழுந்தவன்.

புகார்ப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் சாவி மச்சானிடம் இருந்தது. மச்சான் யாரென்று பிறகு சொல்கிறேன். பெட்டிக்குள் மாங்கொட்டை போடுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை ஷிப்ட் விட்டு எல்லோரும் கேட்டைத் தாண்டிப் போகிறோம். எதிரே முச்சந்தியில் யாரோ கழிப்புக் கழித்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு கூட்டமும் அந்தப் பழத்தை ஒட்டி வளைந்து போகிறது. காளியம்மா அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போகிறது. பேசிக்கொண்டே போனவர்கள் பேச்சை நிறுத்தாமல் சுற்றிப் போகிறார்கள். காதில் ஒயரை மாட்டி, செல்லில் கண்ணைப் புதைத்துக்கொண்டு வந்த பீகார் பையன் ராஜு, தலையைத் தூக்காமலே ஒதுங்கிப் போனான். எலுமிச்சை சார் மொபெட்டை நிறுத்திக் கால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போனது.

திங்கட்கிழமை பார்க்கிறோம், கொட்டை பிரிக்கும் எந்திரத்துக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம். பாதியாக அறுத்து, குங்குமம் அப்பி, லட்சணமாக வைத்திருந்தார். அந்த எந்திரத்தில் சக்கரத்துக்கு மூடி இல்லை என்று அவர் மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. இப்போது ஒருத்தரும் கிட்டேயே போகவில்லை. "மூடி போட்டா பழத்த எடுத்துடறேன்" என்றார். மத்தியானத்துக்குள் மூடி வந்துவிட்டது.

அதிலிருந்து பிடித்தது யோகம். ஸ்டோருக்குக் கொடுக்கிற சீட்டில், கையுறை, கண்ணாடி, பூட்ஸ் ஆகியவற்றுக்குக் கீழே எலுமிச்சம்பழம் என்று எழுத ஆரம்பித்தார். அறுத்ததில் குங்குமம் படாத மிச்சத்தை வீணாக்க மாட்டார், உப்புப் போட்டுப் பிழிந்து குடித்துவிடுவார். பல மொழிக்காரர்கள் வேலை பார்த்த இடம் அது. தமிழ் அறிவிப்பு பாதிப் பேருக்குத் தெரியாது, இங்கிலீஷ் மீதிப் பேருக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் எல்லோருக்கும் புரிந்தது.

இதில் வேடிக்கை, சார் கிறிஸ்துவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். விஷயம் பங்குச் சாமியார் காதுக்குப் போய், அவர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், "என்னய்யா, நீ மாங்கா ஃபேக்டரியில மந்திரம் வெக்கிறியாமே?"

"ஃபாதர், நான் வெக்கிறது வெறும் பழந்தானுங்க. மந்திரத்த அவங்களே போட்டுக்கறாங்க" என்றாராம்.

சாமியார் சிரித்து அனுப்பிவிட்டார். ஆனால் மந்திரத்தை அவர்களே போட்டுக்கொண்டதில் ஒரு வில்லங்கம் வந்தது. பாய்லர் ரூமுக்குப் பக்கத்தில் கரன்ட் பேனல் ஒன்று. அதன் தலைக்கு மேலே குழாய் ஒழுகும். சார் அங்கே ஒரு பழத்தை வைத்துவிட்டு வெளியூர் டிரெயினிங் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பேனலுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேப்பிலை செருகி, முன்னால் சூடம் எரிந்துகொண்டிருக்கிறது. பேர் கூட வைத்துவிட்டார்கள். பேனல் முனியப்பன். அடுத்த வாரம் கெடா வெட்டுவதா, சேவல் போதுமா என்று காளியம்மா அக்கா தலைமையில் பேச்சுவார்த்தை.

சூடத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர், எலெக்ட்ரீஷியனைப் பார்த்ததும் போனது. அந்த ஆள் பேனலைத் திறக்கப் போகிறார். திறப்பதற்கு முன்னால் பயபக்தியோடு ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கும்பிடுகிறார்!

"யோவ்! பூட்ஸப் போடுய்யா!" என்று சார் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன மாட்டு வண்டி நின்றது.

"சாமி முன்னால எப்புடிங்க சார் செருப்புக் காலோட..."

சார் ஒரு நிமிஷம் ஹெல்மெட்டில் தட்டி யோசித்தார். "இது காவக்கார முனியப்பன்யா. டூட்டியில இருக்கறாரு. பூட்ஸ் போட்டவனத்தான் கிட்ட வுடுவாரு. வெறுங்காலோட வந்தவனப் போன வருசம் பக்கத்து ஊர்ல என்ன பண்ணாருன்னு கேட்டியா?"

என்ன பண்ணார் என்று அவர் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியனும் கேட்கவில்லை. குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். அதிலிருந்து எங்கள் ஃபேக்டரியில் பூட்ஸ் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி உண்டா?

சரி, இப்போது மச்சானுக்கு வருகிறேன். முதலாளியின் சம்சாரத்தோடு பிறந்த தம்பி. புரொடக்‌ஷன் மேனேஜர். எதிரே நின்றால் சார், திரும்பிக்கொண்டால் மச்சான். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவார். மாம்பழம், டிபன் மூடி, ஸ்பேனர். ஒருமுறை ஆவேசத்தில் சொந்த செல்லையே வீசிவிட்டு, கீழே விழுந்ததும் "எவன்டா தூக்கிப் போட்டது" என்று கேட்டவர். கையில் எதுவும் இல்லாவிட்டால் கையே வரும். அறை வாங்காத ஆம்பளை அங்கே குறைவு. பொம்பளைகளும் தப்பவில்லை. புகார்க் குழு என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? மச்சான்தான்.

ஒருநாள் ஒரு தொட்டிக் கூழ் புளித்துவிட்டது. அனுப்பக் கூடாது என்று நான் சொன்னேன். மச்சான் அனுப்பு என்றார். "சாப்புடறவங்களுக்கு ஒடம்புக்கு ஆவாதுங்க சார்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை. இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் விழுந்தது அறை. கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. பிறகு கேட்டதெல்லாம் ஒரே ரீங்காரம்.

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பயம் மச்சானிடம் இல்லை, வீட்டில். எங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண் நான். "அடிக்கிற எடமா? நாளையில இருந்து போவேணாம்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அப்புறம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அடித்தவர் பாட்டுக்கு ஏசியில் உட்கார்ந்திருப்பார், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

லேபில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எலுமிச்சை சார் முதலுதவிப் பெட்டியோடு வந்தார்.

"எந்த எந்திரம் கண்ணு அடிச்சது?"

"கதவு பட்டுடுச்சுங்க சார்."

அவர் குனிந்து என் கன்னத்தைப் பார்த்தார். "நம்ம ஃபேக்டரியில அஞ்சு வெரலு வெச்ச கதவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

அழுதுவிட்டேன். அவர் பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் டாக்டரிடம் காதைக் காட்டச் சொன்னார். அப்புறம், "நீ ஸ்டேஷனுக்குப் போவணும்னாலும் நான் வரேன். மொதலாளிகிட்டச் சொல்லணும்னாலும் வரேன். ஆனா உம் பேர நான் சொல்ல மாட்டேன். அது உன்னுது. நீ சொல்றப்ப பக்கத்துல நிப்பேன், அவ்ளோதான்" என்றார். அவ்வளவு வேடிக்கையான மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

முறைப்படிதான் ஆரம்பித்தார். முதலாளிக்குப் போன் போட்டு, பேர் சொல்லாமல், ஃபேக்டரியில் ஆட்களை அடிக்கிறார்கள் என்று சொன்னார். "அது எங்க குடும்ப விஷயம், நான் பேசிக்கறேன்" என்று முதலாளி வைத்துவிட்டார். சார் செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது எலுமிச்சம்பழத்துக்கு அடங்கற ஆபத்து இல்ல" என்று முனகியபடி சந்தைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை. மச்சான் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் கண்ணாடி ரூமில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். அவர் மும்முரமாகச் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் தடால் என்று ஒரு சத்தம். தலைச்சுமை அளவுக்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காய், குங்குமம் கரைத்து ஊற்றி, வாசற்படிக்குக் குறுக்கே உடைந்து செக்கச்செவேல் என்று கிடக்கிறது. பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு எலுமிச்சை சார், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மச்சான் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தூக்கினார். பூசணிக்காயைப் பார்த்தார். தூக்கிய காலை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார்.

"எவன்டா இது? பெருக்கித் தள்ளுங்கடா!"

துடைப்பத்தோடு வந்தவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். "நாங்க புள்ளகுட்டிக்காரங்க சார்." மச்சான் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவருக்குத் திடீரென்று கேட்டில் வேலை வந்துவிட்டது. ராஜுவைக் கூப்பிட்டார். அவன் ஹிந்தியும் மறந்து தமிழும் மறந்து நின்றான். எந்திர லைனுக்குப் போகிற வழி அந்த வாசலை ஒட்டித்தான். ஒருத்தரும் தாண்டவில்லை. வெளியே மாம்பழ லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. மச்சானுக்கு வேறு சர்க்கரை வியாதி. அடிக்கடி போக வேண்டியவர். கண்ணாடி ரூமுக்குள் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்று மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காளியம்மா அக்கா மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கியது.

லாரிக்காரர்கள் போன் போட்டு முதலாளி காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி. விறுவிறுவென்று வந்தவர் பூசணிக்காயைப் பார்த்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் நின்றுவிட்டார்.

"யாருய்யா இத வெச்சது?"

"நான்தானுங்க."

"எதுக்கு?"

"ஆபத்தான எடத்துல அடையாளம் வெக்கறதுதானுங்க என் வேல. மூடியில்லாத சக்கரத்துல வெச்சேன், சக்கரத்துக்கு மூடி வந்துச்சு. இங்க அடக்கமில்லாத கை ஒண்ணு இருக்குதுங்க. பட்டா காது போவுது."

முதலாளி கண்ணாடி வழியே மச்சானைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "யாரு அடி வாங்குனது? சொல்லுங்க பாக்கலாம்."

எல்லோரும் பூசணிக்காயையே பார்த்தார்கள். சார் என் பக்கம் திரும்பவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மெதுவாக நகர்ந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். சொன்னபடி, பக்கத்தில். எனக்கு அப்பா முகம் வந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"என்னத்தானுங்க அடிச்சாரு" என்றேன்.

"என்னயுந்தானுங்க. போன சீசன்ல" என்றது காளியம்மா அக்கா. முந்தானை வாயிலிருந்து வந்துவிட்டது, சிரிப்பும் போய்விட்டது. எல்லோரையும் சிரிக்க வைக்கும் அந்த அக்கா அடி வாங்கியிருந்தது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

"மேரேகோ பீ மாரா" என்றான் ராஜு. அதற்கு யாரும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. அப்புறம் எலெக்ட்ரீஷியன், துடைப்பக்காரர், லோடு இறக்குகிறவர்கள் என்று ஒவ்வொரு கையாக உயர்ந்துகொண்டே போனது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில், "டேய், கார்ல ஏறு. இனி இந்தக் கேட்டுக்குள்ள நீ வராத" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

ஏறலாம், ஆனால் எப்படி வெளியே வருவது? எலுமிச்சை சாரே துடைப்பத்தை எடுத்தார். பூசணிக்காயைப் பெருக்கி ஒதுக்கி வழி விட்டார். தரை கொழகொழவென்று இருந்தது. கையை நீட்டி, "பாத்து வாங்க சார், வழுக்கும்" என்று மச்சானின் கையைப் பிடித்து ஜாக்கிரதையாக இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். நானாக இருந்தால் வழுக்கி விழட்டும் என்று விட்டிருப்பேன். இன்றைக்கும் விட்டிருப்பேன்.

சாயங்காலம் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பயந்தபடியே அப்பா சொன்னார், "போனது போவட்டும். நாளையில இருந்து போவேணாம்." அம்மா என் காதைத் தடவித் தடவி அழுதது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது வாசலில் மொபெட் சத்தம்.

சார் கறுப்பு ஹெல்மெட்டோடே உள்ளே வந்தார். உட்காரும் முன்னால், "டிவி ஒயரு பிஞ்சிருக்குதுங்க, மொதல்ல அத மாத்துங்க" என்றார். அப்பா முறைத்தார். சார் கண்டுகொள்ளவில்லை.

"பொட்டப்புள்ளைங்க சார். ஊரு நாலு விதமாப் பேசும்" என்றார் அப்பா.

"பேசும்ங்க. அடிச்சவன் வேலைய வுட்டுப் போயிட்டான். அடி வாங்குனவளும் வேலைய வுட்டுப் போவணும்னா, நாளைக்கு இன்னொருத்தி வாயத் தொறப்பாளாங்க? உங்க பொண்ணு இன்னிக்கு தொறந்ததுனாலதான் அத்தன பேரு தொறந்தாங்க. அவங்க நாளைக்கு வந்து பாக்கறப்போ இவ எடம் காலியா இருந்தா நல்லாவாங்க இருக்கும்?"

அப்பா அம்மா பக்கம் திரும்பி, "சாருக்குச் சாப்பாடு போடு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் சரி என்பது. சாப்பிடும்போது கூட அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அம்மாவுக்கு அதில் இன்று வரை வருத்தம்.

அந்த வேலையில் இருந்துகொண்டுதான் மேலே படித்தேன், எழுத வந்தேன். சார் இப்போது ஓசூர்ப் பக்கம் வேறொரு ஃபேக்டரியில் இருக்கிறார். அங்கே எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி இல்லையாம். வேறு ஏதோ கண்டுபிடித்திருப்பதாகப் போனில் சொன்னார். என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவரிடம் நான் சொன்னதே இல்லை. மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறேன். கேட்டுக்குள் எப்படி நுழைவது, யார் என்ன கேட்பார்கள் என்பதே யோசனை. பஸ் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வரவே வேண்டியிராத அவர் அதில் உட்கார்ந்திருந்தார். "மொபெட்டு ரிப்பேரு கண்ணு" என்றார். வாரா வாரம் நட்டு போல்ட்டு வரைக்கும் சோதிக்கப்படுகிற வண்டி அது, அதற்கு ரிப்பேர் வருமா? முனியப்பன் கதையை விட்டால், அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான், அதையும் எனக்காகத்தான் சொன்னார். கேட்டில் இறங்கி என் கூடவே நடந்து வந்தார்.